இருவருக்கு ஒரு பூட்டு

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லாமல் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனை அணைத்து வைத்து யாரைப் பழிவாங்குகிறாய் என்று புரியவில்லை. உன் அறைத்தோழனைக் கூப்பிட்டால் நல்லா இருக்கான்க்கா, படிக்கிறான் என்று ஒப்பிக்கிறான். கல்லூரி திறக்காத கோடை விடுமுறையில் நீயாக உட்கார்ந்து படிக்கிறாயாம். பொய் சொல்லக் கற்றுக் கொடுப்பவன் கொஞ்சம் நம்புகிற மாதிரிக் கற்றுக் கொடுக்க வேண்டாமா?

பயிற்சி முடிவதற்கு முன்பே ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து, கல்லூரியில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று பையை அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்மா பின்னாலேயே வந்தாளாம். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். நான் டியூட்டி முடிந்து வந்தபோது வாசலில் உன் கனத்த ஷூக்கள் மட்டும் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தன. சாக்ஸையும் அதற்குள்ளேயே விட்டுப் போயிருக்கிறாய். அதை யார் துவைப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். உன் தொழிற்சாலையிலிருந்து சான்றிதழ் கூரியரில் வந்துவிட்டது. மிகச் சிறப்பு என்று போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாடி வீட்டுக்காரியில் ஆரம்பித்து, கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் வரைக்கும் காட்டியாகிவிட்டது. முடிக்காத பயிற்சிக்கு இவ்வளவு அவசரமாகச் சான்றிதழ் அனுப்புகிற கம்பெனியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். என் மருத்துவமனையில் ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்க நான் நடந்த நடை உனக்கு நினைவிருக்கும்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை வார்டில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். உன் தொழிற்சாலைக்காரர்தான். பெயின்ட் கலக்கும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டார் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு காலை முட்டிக்கு மேலே எடுத்தாயிற்று. மற்றக் காலின் பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர் தினமும் பார்க்கிறார், ஒன்றும் சொல்லாமல் போகிறார். கூட வந்தவர்கள் மெதுவண்ணன், மெதுவண்ணன் என்று கூப்பிட்டதும் எனக்குத் திக்கென்றது. நீ கோடை முழுவதும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யாரைப் பற்றிப் பேசினாயோ அந்த மெதுவண்ணன். அவர் ஒரு திருகாணியைக் கழற்றுவதற்குள் ஷிப்டே மாறிவிடும் என்று சொல்லிச் சிரிப்பாயே, அவரேதான்.

நீ சொன்ன பூட்டுக் கதையும் எனக்கு நினைவு வந்தது. இயந்திரத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் படம் ஒட்டிய பூட்டை மெயின் சுவிட்சில் மாட்டிவிட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்களோ அத்தனை பூட்டுகள் தொங்க வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் சுவிட்சைப் போட முடியாது. வீட்டுப் பூட்டைக் கொண்டுவந்து அம்மாவுக்கு நீ செய்து காட்டினாய். இப்படி ஒரு ஏற்பாடு இருந்தும் ஒரு மனிதரின் கால் எப்படிப் போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடம் கேட்டேன். பூட்டு மாட்ட மறந்துட்டேன் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நீ சொன்ன மெதுவண்ணன் மறக்கிற ஆளாகத் தெரியவில்லையே.

உன்னைப் பற்றிக் கேட்கிறார். அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள், நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்று நீ அவரிடம் மூச்சு விட்டதில்லை போலிருக்கிறது. பயிற்சிக்கு வந்த பையன் ஒருத்தன், நல்ல பையன், அவனுக்கு ஒண்ணும் ஆகலையே என்று மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் இன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த கட்டிலில் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு எட்டு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போ. போனையும் போடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். அம்மா கதவைத் தட்டி என்ன எழுதியிருக்கான் என்று கேட்டாள். பரீட்சைக்குப் படிக்கிறானாம் என்று சொன்னேன். உன் அறைத்தோழன் பரவாயில்லை, நான் அவனைவிடக் கேவலமாகச் சொன்னேன்.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டபடி திருப்பி எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்து. பயிற்சி மாணவர்களுக்குப் பூட்டுக் கொடுக்கச் சொல்லி மெதுவண்ணன் ஸ்டோரில் கேட்டார். பயிற்சிக்கு வருகிறவர்கள் உள்ளே இறங்கவே கூடாது, அவர்களுக்கு எதற்குப் பூட்டு என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும்போது வீணாகும் நேரத்தைக் குறைப்பதுதான் உனக்குக் கொடுத்த வேலை. உள்ளே இறங்கிப் பழைய நிறம் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்காமல் அதைச் செய்ய முடியாது. அது ஷிப்ட் என்ஜினியருக்கும் தெரியும். பூட்டு இல்லாமல் உன்னை இறக்க மெதுவண்ணனுக்கு மனம் வரவில்லை. தன் பூட்டையும் சாவியையும் உன் கையில் கொடுத்துவிட்டார். அவர் உள்ளே இருந்தால் நீயும் உள்ளே, நீ வெளியே வந்தால் அவரும் வெளியே. அப்படித்தான் இருவரும் பேசி வைத்திருந்தீர்கள். ஒரு பூட்டில் இரண்டு உயிர்.

நாள் ஆக ஆக அது உனக்கு உன் பூட்டாகவே ஆகிவிட்டது. அன்றைக்கு என்ஜினியர் உன்னை வரைபடத்தோடு உடனே ஆபீசுக்கு வரச் சொன்னார். அண்ணா, போயிட்டு வர்றேன் என்று நீ சொன்னாய். அவர் காதில் அடைப்பான் வைத்து, குனிந்து, கத்திகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. நீ மேலே வந்தாய். இயந்திரத்தை விட்டு வெளியே வருகிறவன் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டுதான் போக வேண்டும், விட்டுவிட்டுப் போனால் அபராதம் என்று முதல் நாளே உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தாய். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாய். சுவிட்சில் ஒரு பூட்டும் இல்லாததைப் பார்த்து இயந்திர ஆப்பரேட்டர் போட்டுவிட்டான்.

இதை இரண்டு தடவை படித்தேன். உன்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் கோபம் வரவில்லை. நீ சத்தம் கேட்டுத் திரும்பி ஓடியிருப்பாய். பார்க்கக் கூடாததைப் பார்த்திருப்பாய். நான் இந்த வேலையில் எத்தனையோ பார்த்தவள். உன்னை நினைத்துத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோபம் வந்தது அதற்கு அப்புறம். பாதுகாப்பு அதிகாரி உன்னைத் தனியே கூப்பிட்டு, நீ இன்னிக்கு இந்தப் பக்கமே வரலை, புரியுதா என்று சொன்னாராம். உன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு பின் கேட் வழியாக அனுப்பினாராம். நீயும் வந்துவிட்டாய். அம்மா வரவேற்பறையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிற சான்றிதழ் எதற்கு வந்தது என்று இப்போது தெரிகிறது.

இங்கே நடப்பது உனக்குத் தெரிய வேண்டும். மெதுவண்ணன் தன் வாயால், பூட்டு மாட்டாமல் இறங்கிவிட்டேன் என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் சொல்லிவிட்டார். அப்படியானால் தப்பு முழுவதும் அவருடையது. வேலையும் போய்விடும், நஷ்டஈடும் கிடையாது. அவருடைய பூட்டு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அலமாரியில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அலமாரியில் இல்லை. அப்படியானால் தொலைந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார். பூட்டை இன்னொருவர் கையில் கொடுப்பது அங்கே அதைவிடப் பெரிய குற்றம் என்று நீயே எழுதியிருக்கிறாய். பயமும் இருக்கலாம். ஆனால் உன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார், எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அவர் மனைவி துணிக்கடையில் நின்று வேலை பார்க்கிறவள். கால் வலியோடு வந்து அவர் கட்டிலின் ஓரத்தில் உட்காருவாள். இவரு கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு சிஸ்டர், இறங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்ப்பாரு, பூட்டை எப்படி மறப்பாரு என்று என்னிடம் கேட்டாள். நான் ட்ரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வராததற்கும் அவரே காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பயந்து போயிருப்பான், நான் எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று மனைவிக்குச் சமாதானம் சொல்கிறார். உனக்காக அவர் வக்காலத்து வாங்குவதைக் கேட்டுக்கொண்டே அவர் காயத்துக்குக் கட்டு மாற்றுவது எவ்வளவு கொடுமை என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

பூட்டு உன் பையிலேயே வந்துவிட்டது, எடுத்துப் பார்க்கவே முடியவில்லை, தூக்கி எறிந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எறிந்தால் என் முகத்தில் விழிக்காதே. உண்மையைச் சொன்னால் படிப்புப் போய்விடுமா, போலீஸ் வருமா என்றும் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்கிறேன். ஆனால் பூட்டுக் கொடுக்காமல் ஒரு மாணவனை உள்ளே இறக்கியது யார் என்ற கேள்வி, நீ வாயைத் திறந்தால்தான் வெளியே வரும். நீ அங்கே இருந்ததே இல்லை என்றால் அந்தக் கேள்வியும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

கிளம்பி வா. பேருந்துக்குப் பணம் இல்லை என்று சாக்குச் சொல்லாதே.

உன் அக்கா


சனிக்கிழமை

தம்பி,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும். நலம் விசாரித்து எழுதுகிற நிலையில் இல்லை.

நேற்றுக் காலை அந்தப் பாதுகாப்பு அதிகாரி வார்டுக்கு வந்தார். பழங்கள் நிறைந்த ஒரு பை, தட்டச்சு செய்த ஒரு தாள், ஒரு பேனா. விதிகள் எல்லாம் தெரிந்திருந்தும் பூட்டு மாட்டாமல் என் இஷ்டப்படி இறங்கினேன், அப்போது என்னோடு வேறு யாரும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் கருணை அடிப்படையில் ஏதாவது செய்யப் பார்க்கிறோம் என்றார். ஏதாவது என்றால் என்ன என்று அவர் மனைவி கேட்டாள். அதை மேலிடம்தான் சொல்ல வேண்டும் என்றார்.

மெதுவண்ணன் தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டுடலாமா சிஸ்டர்?"

நான் உன் அக்கா, அதனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். போடுங்கள் என்று சொல்லிவிட என் வாய் துடித்தது. அவர் போட்டுவிட்டால் உன்னை இனி யாரும் தேட மாட்டார்கள். நீ படிப்பை முடிப்பாய், வேலைக்குப் போவாய், அம்மா இன்னும் நாலு பேரிடம் பெருமை பேசுவாள். பேனா அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தாலே போதும்.

இவருக்கு வலிக்கு ஊசி போட்டிருக்கிறோம், மயக்கத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் செல்லும் என்று சொன்னேன். ஊசி போட்டது உண்மை. அவர் தெளிவாக இருந்ததும் உண்மை. அதிகாரி என் பெயர்ப் பட்டியைக் குனிந்து படித்துவிட்டு, திங்கட்கிழமை காலை டாக்டரோடு வருகிறேன் என்று போனார். ஒரு தடவைதான் என்னால் தடுக்க முடியும். மறுபடியும் தடுத்தால் என்னை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

அவருடைய பாதத்தையும் எடுக்க வேண்டும் என்று நேற்றைக்கே டாக்டர் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். காய்ச்சல் இறங்கவில்லை. இந்த வேலையில் எனக்கு இருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் அவர் மனைவி கடைக்குப் போனபின் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பேச எங்களுக்கு அனுமதி இல்லை. தாள் விஷயத்தில் உங்களுக்கு நான் யோசனை சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களோ அவனுடைய அக்கா நான் என்று சொன்னேன். பூட்டு அவனிடம்தான் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான், ராப்பகலாக உங்கள் நினைவாகவே இருக்கிறான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன் தம்பி. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

 மூக்கிலும் கண்ணிலும் உன் சாயல் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"அப்போ நான் இங்க கிடக்கிறது அவனுக்குத் தெரியும்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. கணக்குப் போட்டு விடை வந்த மாதிரிச் சொன்னார். எப்போதிலிருந்து தெரியும் என்றும் கேட்கவில்லை.  உன் சார்பில் சொல்ல ஏதாவது ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இதுவரை உனக்காகப் பேசிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் நிறுத்திவிட்டார். இன்று காலை கட்டு மாற்றப் போனேன். வேறு சிஸ்டரை அனுப்பச் சொல்லுங்க என்று சுவர்ப் பக்கம் பார்த்தபடியே சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. நம்பியதும் என்மேல் பாய்ந்தாள். அவரே போடுறேன்னு சொல்றாரு, நீ ஏன் குறுக்கே விழறே, பெத்த வயிறு படுற பாடு உனக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். அவர் மனைவியின் வயிறு என்ன பாடுபடும் என்று கேட்டேன். அவனுக்கு இதை எழுதாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவளைத் தப்புச் சொல்லவும் என்னால் முடியவில்லை. அவளுக்கு நீ மட்டும்தான் தெரிகிறாய். எனக்கும் நேற்று அந்தப் பேனாவைப் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது.

வக்கீலைப் பார்த்தேன். கல்லூரி உன்மேல் நடவடிக்கை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம், வழக்கில் உன்னையும் சேர்க்கலாம் என்றார். பூட்டுக் கொடுக்காதது கம்பெனியின் குற்றம் என்று நிரூபிக்க உன் வாக்குமூலமும் அந்தப் பூட்டும் போதும் என்றும் சொன்னார். உனக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாக வா என்று எழுதத்தான் ஆசை. பொய் சொல்லிக் கூப்பிட்டால் நீ வந்து நிற்கும்போது அது உன்னைக் கைவிடும். ஆகலாம். ஆனாலும் வா.

இது கைக்கு வந்ததும் கிளம்பினால் திங்கட்கிழமை விடியும்போது இங்கே இறங்கிவிடலாம். வீட்டுக்கு வராதே, அம்மா உன்னை விட மாட்டாள். நேரே மருத்துவமனைக்கு வா, நான் வாசலில் நிற்கிறேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்க்காதே. அவர் திட்டினால் வாங்கிக்கொள். முகம் கொடுக்காவிட்டால் அதையும் வாங்கிக்கொண்டு அங்கேயே நில். அந்த அதிகாரி வரும்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ நிற்க வேண்டும். அவர் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ எனக்குத் தெரியாது, கேட்கிற உரிமையும் எனக்குப் போய்விட்டது. கூட வேறு யாரும் இல்லை என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறதே, அதை உன்னால் மட்டும்தான் பொய்யாக்க முடியும்.

சின்ன வயதிலிருந்து உன்னை எங்கே வழியனுப்பினாலும் நல்லா இரு என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். இப்போதும் கை அதை எழுதத்தான் போகிறது. நீ நல்லா இருக்க வேண்டும், தம்பி. அவர் கண் முன்னால் வந்து நின்றுவிட்டு, அதற்கப்புறம் நல்லா இரு.

உன் அக்கா